தெருமுனையில் எதுவும் வேண்டாம்

சென்ற வாரம் எங்கள் தெருமுனையில் மறுபடியும் ஒரு பேனர் கட்டினார்கள். பத்தடி அகலம், எட்டடி உயரம், நான்கு சவுக்குக் கழி. யாருக்குப் பிறந்தநாள் என்று எழுத மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன் நான். காலையில் பால் வாங்கப் போனபோது அதில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களை எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. நடுவில் இருப்பவர் பெரியவர், சுற்றி இருப்பவர்கள் தபால் தலை அளவில். அந்த இருபத்து மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டைப் பார்க்க வேண்டிய வண்டிக்காரனுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும், நான் பெரும்பாலும் பழைய கதைதான் எழுதுவேன். கடற்கரை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், மூட்டைப்பூச்சி நிறைந்த அலுவலக நாற்காலி, இப்படி. இன்று அப்படியல்ல. இன்று சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரை வாசித்தால் அந்தச் சண்டையில் பாதி யாரோடு என்பதும் தெரியும்.

முதலில் எங்கள் முனையைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் இப்படி நூறு முனைகள் இருக்கும். உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒன்று நிச்சயம். இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி. சிக்னல் கிடையாது, போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும் அந்தப் பக்கம் தலைகாட்டாது. ஒரு மூலையில் டீக்கடை. அதன் எதிரில் எந்நேரமும் ஏழெட்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆட்டோ, மாலையில் ஒரு பெரிய கார். இரண்டாவது மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்சாரப் பெட்டி, அதன்மேல் கேபிள்காரர் சுருட்டி வைத்த கறுப்பு வயர். மூன்றாவது மூலை பேனர் மூலை. அங்கே குழி தோண்டி நட்ட கழியின் ஓட்டைகள் இருப்பதால் யார் வந்தாலும் சுலபமாக நட்டுவிடலாம். நான்காவது மூலை என் வீடு.

வெள்ளைப் பட்டணத்தில் நடக்கும்போது சில பழைய முனை வீடுகளைக் கவனித்துப் பாருங்கள். சுவர் சந்தியில் கூராக முடியாது. மூலையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அல்லது வளைத்திருப்பார்கள். சிறு வயதில் அது அழகுக்கு என்று நினைத்தேன். என் பெரியப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து மராமத்து இலாகாவில் படம் வரைபவராக இருந்தவர். அதற்கு 'பான் கூப்பே' என்று பெயர், வெட்டிய முகம் என்று அர்த்தம் என்று அவர்தான் சொன்னார். "குதிரை வண்டி திரும்பும்போது சுவர்ல இடிக்கக் கூடாது, எதிர்ல வர்றவன் முகம் தெரியணும், அதுக்குடா" என்றார். இன்றும் மனைப்பிரிவு வரைபடங்களில் முனை மனைக்கு ஸ்ப்ளே என்று மூலையை வெட்டித்தான் காட்டுகிறார்கள். காகிதத்தில் வெட்டிய அந்த முக்கோணத்தில்தான் பிறகு படிக்கட்டு வரும், சரிவு மேடை வரும், பூந்தொட்டி வரும், சில இடங்களில் கடையே வந்துவிடும்.

பெரியப்பா சொன்னதைப் பிரான்சில் 1935-லேயே சட்டமாக எழுதிவிட்டார்கள். அந்த வருடம் அக்டோபர் 30-ஆம் தேதி வந்த ஆணை அது. 'செர்வித்யூத் தெ விசிபிலித்தே' என்பார்கள். பார்வைக்காக ஒருவருடைய சொத்தின்மேல் விழும் கட்டுப்பாடு என்று சொல்லலாம். சந்திப்பில், வளைவில், பார்வைக்குக் குறுக்கே இருக்கும் மதிலை இடிக்க வேண்டும், அல்லது கம்பி வேலியாக்க வேண்டும். தொந்தரவான செடி கொடிகளை அகற்ற வேண்டும். மண்மேடு இருந்தால் கரைக்க வேண்டும். நிலம் உன்னுடையதுதான், ஆனால் அதன் வழியாகப் பார்க்கிற உரிமை ரோட்டில் போகிறவனுடையது என்பது அதன் சாரம். மோட்டார் வண்டி இன்று இருப்பதில் ஒரு துளிகூட இல்லாத காலத்தில் எழுதியது.

பாரிசில் இருக்கும் என் தங்கை மகன் சென்ற முறை வந்தபோது இன்னொன்றும் சொன்னான். 2019 டிசம்பரில் அங்கே ஒரு போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். நடந்து செல்பவர்கள் ரோட்டைக் கடக்கும் வரிக்கோட்டுக்கு முன்னால் 5 மீட்டர் தூரத்துக்கு வண்டி நிறுத்தும் இடமே அமைக்கக் கூடாது, சைக்கிள் நிறுத்துவதற்கு விலக்கு உண்டு. ஏற்கெனவே இருக்கும் இடங்களை 2026 டிசம்பர் 31-க்குள் எடுத்துவிட வேண்டும். காரணம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் நான் அவனிடம், "நம்ம ஊர்ல அந்த அஞ்சு மீட்டர்லதான்டா பஜ்ஜிக் கடை" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் டீச்சரம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிரான்சைக் காட்டினால் சிலருக்குக் கோபம் வரும். "முசியேவுக்கு இன்னும் கவர்னர் காலத்து நினைப்பு" என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். சரி, நம் சட்டத்துக்கே வருவோம். சாலை விதிகளில் ஒன்று, வண்டி நிறுத்துவதைப் பற்றியது. சாலைச் சந்திப்பிலோ அதன் அருகிலோ, வளைவிலோ நிறுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. இவை யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. லைசென்ஸ் பரீட்சையில் கேட்கிற கேள்வி.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வழிவிடும் விதி. பெரிய ரோடு, சின்ன ரோடு என்று வேறுபாடு இல்லாத சந்திப்பில், உன் வலது கைப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு நீ வழிவிட வேண்டும் என்கிறது. இடது பக்கம் ஓட்டுகிற நம் நாட்டில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவன்தான் முதலில் நம்மேல் மோதுவான், ஆகவே நியாயமான விதி. ஆனால் வழிவிடுவதற்கு முன்னால் அவனைப் பார்க்க வேண்டாமா? வலது மூலையில் இருபத்து மூன்று முகங்களைக் கட்டிவைத்துவிட்டு, வலது பக்கம் வருகிறவனுக்கு வழிவிடு என்றால் எப்படி? கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கச் சொல்கிற வாத்தியார் மாதிரி இருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. குமாஸ்தாவாக இருந்தவன், கணக்கு இல்லாமல் எழுத வராது. சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. ஆபத்தைக் கண்டவன் பிரேக்கை அழுத்தத் தொடங்க இரண்டரை விநாடி என்று அதில் வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அந்த இரண்டரை விநாடியில் 21 மீட்டர் ஓடிவிடுவான். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 9 மீட்டர். ஆக 30 மீட்டர் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 45 மீட்டர். 50 என்றால் 60 மீட்டர். 20 கிலோமீட்டரில் ஊர்ந்து வந்தால்கூட 20 மீட்டர் வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கார் ஓட்டுபவரின் கண், காரின் மூக்கிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால் இருக்கிறது. மறைப்பு இருக்கும் முனையில் அவர் எட்டிப் பார்க்க வேண்டுமானால் முதலில் 2 மீட்டர் காரை ரோட்டுக்குள் நீட்டியாக வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன்பே அவர் வண்டி அடிபட்டுவிடலாம். ஸ்கூட்டர்காரருக்கு நீட்ட வேண்டியது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் நீட்டுவது அவருடைய கால்.

"மெதுவாக வந்தால் போதும் சார், பேனர் மேல் ஏன் பழி" என்று சொல்பவர்கள் உண்டு. மெதுவாக வர வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சனி ஞாயிறுகளில் வாடகை ஸ்கூட்டரில் வரும் வெளியூர்ப் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். மறைப்பு இருந்தால் பயந்து மெதுவாக வருவார்கள், அதுவும் நல்லதுதான் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பயப்படுகிற ஊருக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் முனை மறைந்திருந்தால் யார் வேகத்தைக் குறைக்கிறார்கள்? ஹாரன் அடிக்கிறார்கள். ஹாரன் அடித்துவிட்டால் கடமை முடிந்தது, அதே வேகத்தில் திரும்பலாம். கண் செய்ய வேண்டிய வேலையைக் காதுக்குக் கொடுத்துவிட்டோம். சைக்கிளில் வரும் பிள்ளைக்கு ஹாரன் இல்லை. நடக்கிறவனுக்கு இல்லை. என்னைப் போல இரண்டு காதிலும் மெஷின் மாட்டியவனுக்கு, ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாது. இதை வாசிக்கிற பலருக்கும் என் வயதுதான். கழுத்து முழுதாகத் திரும்புகிறதா உங்களுக்கு? எனக்குத் திரும்பவில்லை. நமக்கு முனையில் வேண்டியது கூடுதலாக இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியைத்தான் பேனரும் காரும் தின்றுவிடுகின்றன.

இப்போது டீச்சரம்மா விஷயம்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். பெயர் வேண்டாம், தெருவில் எல்லாருக்கும் டீச்சரம்மாதான். என்னைவிட இரண்டு வயது பெரியவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை, ஆறே முக்கால் மணி. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் சந்தியில் ரோட்டைக் கடக்க இறங்கினார்கள். அடுத்த தெருப் பையன், பத்தொன்பது வயது, டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகிறவன், மோதிவிட்டான். நல்ல பையன். வேகமாகவும் வரவில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பையனுக்கு முழங்கை. அவன் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தெரியவே இல்ல தாத்தா, ஆயா வர்றது தெரியவே இல்ல." ஆஸ்பத்திரியில் டீச்சரம்மாவும் அதையே சொன்னார்கள். "அந்தப் புள்ளைய திட்டாதீங்க. எனக்கும் வண்டி தெரியல."

அப்போது மூன்றாவது மூலையில் ஒரு பேனர் இருந்தது. நான் ஏற்கெனவே அதைப் பற்றி இரண்டு மனு எழுதியிருந்தேன். எனக்கு வந்த ஆவேசத்தைக் கேட்காதீர்கள். மூன்றாவது மனு எழுத உட்கார்ந்தேன். பழைய பழக்கம், ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது என்று அளவெடுக்கப் போனேன். பேரனை அவன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து, அந்தப் பையன் வந்த திசையில் நிறுத்தி, டீச்சரம்மா இறங்கிய இடத்தில் நான் நின்றேன். "தெரியுதாடா?" "இல்ல தாத்தா." அடி அடியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் அவன் கண்ணில் பட்டபோது சாக்பீசால் கோடு போட்டு, டேப் வைத்து அளந்தேன். ஒன்பது மீட்டர். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். பிரேக்கின் மேல் கை போகும் முன்பே முடிந்துவிடுகிற தூரம்.

அந்தத் திசையில் மறைத்தது பேனர் இல்லை. பேனர் எதிர்மூலையில் இருந்தது. மறைத்தது என் வீட்டு மதிலுக்கு வெளியே சாய்ந்து தரைவரை இறங்கியிருந்த காகிதப்பூச் செடி.

1994-இல் வீடு கட்டிக் குடிவந்தபோது என் மனைவி நட்டது அது. முதலில் வெள்ளை, பிறகு அதிலேயே கருஞ்சிவப்பை ஒட்டவைத்து இரண்டு நிறம். தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் போன பிறகு அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மதிலைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, ரோட்டின் ஓரம்வரை வந்திருந்தது. அதை நான் தினமும் பார்த்தேன். அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்துதான் பேனர் மேல் மனு எழுதினேன்.

அன்று சாயங்காலமே ஆள் கூப்பிட்டு வெட்டினேன். இடுப்பு உயரத்துக்கு. வெட்டிய ஆள், "ஐயா, வேரோட எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு மறுபடியும் பேரனை நிற்கவைத்து அளந்தேன். முப்பத்திரண்டு மீட்டர் தெரிந்தது. ஒரு அரிவாள், ஒரு மணி நேரம், அறுநூறு ரூபாய் கூலி. மூன்று மனுவுக்கு நான் செலவழித்த ஆட்டோ காசு அதைவிட அதிகம்.

டீச்சரம்மா வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது அவங்க வச்ச செடியில்ல" என்று மட்டும் சொன்னார்கள். இன்றுவரை அவர்கள் பால் வாங்க வெளியே வருவதில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது.

இதை எதற்கு எழுதினேன் என்றால், இந்த விஷயத்தில் கைநீட்டிப் பேச எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

நான் என் செடியை வெட்டிவிட்டேன். பேனர் கட்டுகிறவர் எதை வெட்டினார்? 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக ரோட்டு நடுத்திட்டில் வைத்த பேனர், ஸ்கூட்டரில் வந்த இருபத்து மூன்று வயதுப் பெண்மேல் சரிந்தது. விழுந்தவள்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. கட்சிக்காரர்கள் எல்லாரும் இனி பேனர் வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். நம் ஊரில் பொது இடங்களை அசிங்கப்படுத்துவதைத் தடுக்க 2000-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கொஞ்ச நாள் முனைகள் வெளிச்சமாக இருந்தன. பிறகு ஒரு பிறந்தநாள் வந்தது, ஒரு காதணி விழா வந்தது, ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. செத்தவருக்கு அஞ்சலி பேனர் வைத்து, அதன் மறைவில் இன்னொருவர் அடிபடுவதைப் பற்றி என்ன சொல்ல?

பேனர் விழுந்தால் மட்டும்தான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நன்றாக, உறுதியாக, அனுமதி வாங்கிக் கட்டிய பேனரும் முனையில் நின்றால் ஆபத்துதான். விழாமலேயே ஆளை அடிக்கும். நம்முடைய நீல நிறத் தெருப்பெயர்ப் பலகைகள் இருக்கின்றனவே, ஒரு பக்கம் பிரெஞ்சு, ஒரு பக்கம் தமிழ் என்று வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்கும் பலகைகள், அவையும் முனையில்தான் இருக்கின்றன, அவற்றையும் மறைத்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ்காரர் எதைப் பார்த்துத் தெரு கண்டுபிடிப்பார்?

தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. நாலு பேர் திரும்புகிற இடத்தில்தான் வியாபாரம் நடக்கும், அது அவர்கள் பிழைப்பு. எங்கள் முனை பழக்காரம்மாவிடம் போய், "கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுக்கோம்மா, வண்டி தெரியல" என்றேன். "எவ்ளோ தூரம்யா?" என்று கேட்டார். ஆறு தப்படி என்றேன். அன்றே தள்ளிக்கொண்டார். இப்போதும் அங்கேதான் நிற்கிறார், வியாபாரம் குறையவில்லை என்கிறார். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று லாரி வரும்போது மட்டும் முதலில் ஏற்றுவது அவர் தராசைத்தான். பக்கத்தில் முனையை முழுதாக அடைத்து நிற்கும் பெரிய காரின்மேல் யாரும் கைவைப்பதில்லை. 2019-இல் அபராதத்தைக் கூட்டினார்கள். பொதுவான விதிமீறலுக்கு 100 ரூபாயாக இருந்தது 500 ஆயிற்று. யாரிடம் வசூலித்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க முனையில் நிற்கும்போது, போலீஸ் ஜீப்பையே முனையில் நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

கோயில் விஷயத்தைத் தொட்டால் அடி விழும், தெரியும். முச்சந்தியில் பிள்ளையார் இருப்பது நம் பழக்கம். சிலப்பதிகாரத்திலேயே பூம்புகார்ச் சதுக்கத்தில் பூதம் நின்று தப்புச் செய்தவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழையதாக இருப்பதைப் பற்றி நான் பேசவில்லை. பொதுத் தெருவில் புதிதாக எந்த மதத்தின் கட்டடமும் வரக் கூடாது என்று 2009-லும், ரோட்டிலும் நடைபாதையிலும் சிலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பழைய பிள்ளையாருக்குப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு, நான்கு பக்கமும் நன்கொடையாளர் பெயர்ப் பலகை மாட்டுகிறோமே, அது பிள்ளையார் கேட்டதா?

மனுக்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. முப்பத்தெட்டு வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். பெட்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு அலுவலகம், அது ரோட்டுக்காரர்கள் இடம் என்றது. ரோட்டுக்காரர்கள், பெட்டி எங்களுடையது இல்லை என்றார்கள். பேனர் பற்றிய மனு மூன்றாம் இடத்துக்குப் போய், "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்போடு முதல் இடத்துக்கே வந்துவிட்டது. அந்தக் குறிப்பின் நகல் எனக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. நானும் அந்த வாக்கியத்தை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். எத்தனை பேருடைய முனை அதில் புதைந்ததோ.

கோப்பு சுற்றுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. 'தெருமுனை' என்று ஒரு பொருளே எந்த அலுவலகத்திலும் கிடையாது. ரோடு ஒருவருக்கு, சாக்கடை ஒருவருக்கு, கம்பம் ஒருவருக்கு, வண்டி ஒருவருக்கு, பேனர் ஒருவருக்கு. இவை எல்லாம் சேர்ந்து ஒருவன் கண்ணை மறைக்கும்போது அதற்கென்று ஒரு பதிவேடு இல்லை. நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு இளநிலைப் பொறியாளர் தன் வட்டத்தின் முனைகளை எண்ணிப் பட்டியல் போடட்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்கு ரோட்டோரம் மஞ்சள் கோடு இழுக்கட்டும். அந்தக் கோட்டுக்குள் இடுப்புக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது, வண்டியோ கழியோ செடியோ. பெட்டி வைத்தே ஆக வேண்டுமா, பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். எடுக்க முடியாத பழைய சுவர் இருக்கிறதா, அங்கே குவியாடி மாட்டுங்கள், வேகத்தடை போடுங்கள். கண்ணாடி எல்லாவற்றுக்கும் பதில் என்று சொல்லாதீர்கள். மாட்டிய ஒரு வருடத்தில் அதன்மேலும் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும்.

அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், நண்பர்களே. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து முனைக்கு ஒரு காலை போங்கள். பேரப்பிள்ளையையும் ஒரு ஸ்கூட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டேப் இல்லாவிட்டால் தப்படி போதும். எத்தனை தப்படியில் நீங்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறீர்கள் என்று பாருங்கள். முப்பதுக்குக் குறைந்தால், மறைப்பது என்ன என்று பாருங்கள். அது உங்களுடையதாக இருக்கலாம். மதிலோரம் கொட்டிய மணலாகவோ, வருடக்கணக்காக ஓடாமல் நிற்கும் மகனுடைய காராகவோ. அதை எடுத்த பிறகு மற்றதற்கு மனு எழுதுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள், சேர்த்து ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு மனுவைத் திருப்பி அனுப்புவது சுலபம். ஒரு கட்டை அனுப்ப ஆள் தேட வேண்டும், அது எனக்குத் தெரிந்த விஷயம்.

என் செடி மறுபடியும் துளிர்த்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிறேன். மதிலுக்கு உள்பக்கமாக ஒரு கிளையை மட்டும் கம்பியில் கட்டி மாடிக்கு ஏற்றியிருக்கிறேன். இந்த வருடம் மேலே இரண்டு நிறமும் பூத்தது. சென்ற வாரப் பேனர் இன்னும் இருக்கிறது. பிறந்தநாள் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்றைய காற்றில் ஒரு மூலை கிழிந்து தொங்குகிறது, அந்தக் கிழிசல் வழியாகப் பார்த்தால் எதிரே வரும் வண்டி கொஞ்சம் தெரிகிறது. நாளை திங்கட்கிழமை. நான்காவது மனு தயாராக இருக்கிறது.